பெண்கள் ஏன் முதலில் பூட்டினார்கள்?

பேஸ்புக் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 2003 அக்டோபர் இறுதியில், மார்க் ஸக்கர்பெர்க் ‘ஃபேஸ்மாஷ்’ என்றொரு தளத்தை உருவாக்கினார். ஹார்வர்டு விடுதிகளின் இணையப் பக்கங்களிலிருந்து மாணவர்களின் படங்களை அனுமதியின்றி எடுத்து, இரண்டிரண்டாக நிறுத்தி, யார் அழகு என்று வாக்குக் கேட்டது அது. கண்டனம் எழுப்பியவற்றில் ஹார்வர்டின் கறுப்பினப் பெண்கள் சங்கமும் ஒன்று. சில நாட்களில் தளம் மூடப்பட்டது. பேஸ்புக்கின் வரலாறு இப்படித் தொடங்கியிருக்க, பெண்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கத்தைப் பூட்டுவது இயல்பான கூச்சத்தால் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திறந்து வைத்தால் யார் எவ்வளவு இழப்பார்கள் என்ற கணக்குதான் அவர்களைப் பூட்ட வைத்தது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சமூக ஊடகப் பக்கத்தை நண்பர்களுக்கு மட்டும் திறந்து வைத்த பெண்கள் 67 சதவீதம். ஆண்கள் 48 சதவீதம். பதிவிட்டதற்காகப் பின்னர் வருந்தியவர்களோ ஆண்களில் 15 சதவீதம், பெண்களில் 8 சதவீதம். முன்யோசனை யாரிடம் கூடுதலாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்த முன்யோசனை எங்கிருந்து வந்தது என்பதை அதே மையத்தின் 2017 ஆய்வு காட்டுகிறது: 18 முதல் 29 வயதுக்குள், இணையத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 21 சதவீதம், ஆண்கள் 9 சதவீதம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 18, 19 வயது மாணவர்களிடம் 2009இலும் 2010இலும் கேட்டறிந்த ஆய்வாளர்கள் எஸ்டர் ஹர்கிட்டாய், டானா பாய்ட் இருவரும், பேஸ்புக்கின் தனியுரிமை அமைப்புகளைக் கையாள்வதில் ஆண் பெண் வேறுபாடு குறைவு என்றே கண்டார்கள். அது என் வாதத்துக்கு வலுச் சேர்ப்பதாகவே எனக்குப் படுகிறது. 2009 டிசம்பரில் பேஸ்புக் பெயர், முகப்புப் படம், நண்பர் பட்டியல் ஆகியவற்றை எல்லோர் பார்வைக்கும் திறந்துவிட்டது. ஆபத்து பொதுவானபோது இளம் ஆண்களும் அமைப்புகளைத் தேடிப்போனார்கள் என்றே தோன்றுகிறது. கூச்சம்தான் காரணம் என்றால் அந்த வயதினரிடையே வேறுபாடு இவ்வளவு குறைவாக இருந்திருக்காது.

இந்தியாவில் 2017இல் பேஸ்புக் முகப்புப் படக் காவல் வசதியை அறிமுகப்படுத்தியபோது, தங்கள் முகம் தெரியும் படத்தைப் போடவே சில பெண்கள் தயங்குவதைக் காரணமாகச் சொன்னது. பிறர் அந்தப் படத்தைத் தரவிறக்க முடியாமல் அது தடுத்தது. யாருடைய அச்சம் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்ட பிறகும், அந்தக் காவலைத் தானே தேடி இயக்கிக்கொள்ளும் வேலை பெண்ணிடமே விடப்பட்டது.