பயிலுநர் விமானியும் தரையிறங்கும் கடைசி நொடிகளும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் யுத்தத்தைக் கண்டவர்களுக்குச் சின்ன விமானம் ஒன்றின் இரைச்சல் வெறும் இரைச்சல் அல்ல. அன்று சனம் 'சியாமாசெட்டி' என்று சொல்லிப் பயந்தது, இத்தாலியில் தயாரான எஸ்.எப்-260 என்ற பயிற்சி விமானத்தைத்தான். 1985இல் இலங்கை விமானப்படை அதை வாங்கியது. ஓடப் பழகுவதற்கென்று செய்த விமானம் எங்கள் தலைக்கு மேல் வேறு வேலைக்கு வந்தது.

கிழக்கில் விமானிகள் பழகும் முக்கிய இடம் சீனக்குடா. அங்கிருந்து புறப்பட்ட பி.ரி-6 ரகப் பயிற்சி விமானம் 2020 டிசம்பர் 15இல் கந்தளாய்ப் பகுதியில் விழுந்தது. தனியாக ஓட்டிச்சென்ற பயிலுநர் இறந்தார். 2023 ஓகஸ்ட் 7இல் அதே ரக விமானம் புறப்பட்ட சற்று நேரத்தில் சீனக்குடாவிலேயே விழுந்து இரண்டு அதிகாரிகள் பலியானார்கள்.

உயிர் போகும் விபத்துகள் செய்தியாகின்றன. ஆனால் பயிலுநர்களுக்கு அதிகம் நேர்வது ஓடுபாதையில் நடக்கும் தரையிறக்க விபத்துத்தான். செஸ்னா 172 போன்ற விமானம் மணிக்குச் சுமார் 120 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கி வரும். தரைக்குச் சில அடி உயரத்தில் மூக்கை மெல்லத் தூக்கி, வேகத்தைக் கரையவிட்டு, பின்சக்கரங்கள் இரண்டும் முதலில் தொடும்படி வைக்கவேண்டும். வேகம் கூடினால் விமானம் பந்துபோல் துள்ளும். இங்கேதான் பயிலுநர் பதறுகிறார். துள்ளிய விமானத்தைக் கீழே அமுக்கப் பார்க்கிறார். மூக்குச்சக்கரம் முதலில் மோதும், மறுபடி துள்ளும், ஒவ்வொரு துள்ளலும் முன்னையதைவிட மோசமாகும். மூன்றாவதில் சக்கரம் முறிந்து, காற்றாடி தரையில் அடிபடுவது வழமையான முடிவு. சரியான பரிகாரம் மனதுக்கு நேர்மாறானது: இறங்கும் எண்ணத்தை விட்டு, இயந்திரத்துக்கு முழு வேகம் கொடுத்து மேலெழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் வருவது.

பக்கக் காற்று இன்னொரு சோதனை. கச்சான் காற்றில் தோணியைக் கரைசேர்க்கிற மீனவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்காவிட்டால் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிடும்.

இனி விசாரணை. சிவில் விமான விபத்துகளுக்கு 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆவது பின்னிணைப்பு பொருந்தும். யாரைத் தண்டிப்பது என்பதல்ல, அடுத்த விபத்தை எப்படித் தடுப்பது என்பதே அதன் நோக்கம். முடிந்தவரை 12 மாதங்களுக்குள் இறுதி அறிக்கை வெளிவரவேண்டும் என்றும் அது கேட்கிறது. படை விமானங்களை அந்த உடன்படிக்கை கட்டுப்படுத்தாது. அவர்களே குழு அமைத்து அவர்களே விசாரிக்கலாம், அறிக்கையை வெளியிடும் கட்டாயம் இல்லை. ஆணைக்குழு அறிக்கைகளுக்குக் காத்திருந்து பழகிய எங்கள் சனத்துக்கு இது புதினமில்லை. ஆனால் படைப் பயிற்சி விபத்துகளின் தொழில்நுட்பக் காரணங்களையாவது வெளியிடலாம். அதில் மறைக்க வேண்டிய இராணுவ இரகசியம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதே ரக விமானத்தில் அடுத்து ஏறப்போவதும் இருபது வயதுப் பிள்ளை ஒன்றுதான்.