பெரிய காஞ்சிபுரத்தில் பதிவான நம்பிக்கை

1904ஆம் ஆண்டு மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நகரக் கடன் சங்கம் பதிவானது. நகரங்களுக்கான சங்கங்களில் அச்சட்டப்படி இந்தியாவில் முதலில் பதிவானது இதுதான். பரோடாவில் அன்யோன்ய சககாரி மண்டலி 1889இலேயே தோன்றிவிட்டது. அப்போது அதற்கென்று சட்டம் எதுவும் இல்லை.

சென்னை மாகாணம் இதற்கு முன்பே பழகிய மண். மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் போன்ற நிதிகள் 1872 முதல் இருந்தன. ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து மாகாண அரசுக்கு அறிக்கை தந்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் முறை கிராமத்து உழவர்களுக்கு, ஷூல்ட்சே-டெலிட்ச் முறை நகரத்துக் கைவினைஞர்களுக்கும் கடைக்காரர்களுக்கும். இரண்டாவதன் வழியில் வந்தவையே நமது கூட்டுறவு நகர வங்கிகள்.

ஒரே ஊர்க்காரர் என்ற அறிமுகமே அவற்றின் முதல் பிணை. இன்றும் தமிழ்நாட்டு நகர வங்கிகளின் உயிர்நாடி நகைக்கடன். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்து, அமிலத்துளி விட்டுப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து, மிச்சத்துக்குத் தொகை சொல்வார். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் ஒரு குடும்பம் வட்டிக்கடைக்குப் போகாமல் தப்புவது அந்தக் கவுண்டரில்தான்.

குறை அமைப்பிலேயே இருந்தது. கடன் வாங்குபவர் பங்கு எடுத்து உறுப்பினராவார், வாக்களிப்பார். வங்கியில் பெரும்பணம் வைத்திருக்கும் வைப்பாளருக்கோ, உறுப்பினராக இல்லாவிட்டால், வாக்கு இல்லை. டெக்சாசின் ஃபிரிஸ்கோவில் கிரெடிட் யூனியனில் கணக்கு வைத்திருக்கும் தமிழருக்கு இது விந்தையாகத் தோன்றும். அங்கே சேமிப்பவரே உறுப்பினர், ஆளுக்கு ஒரு வாக்கு.

1966 மார்ச் 1 முதல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் கூட்டுறவு வங்கிகளையும் தொட்டது. உரிமமும் இருப்பு விதிகளும் ரிசர்வ் வங்கியிடம். பதிவும் தேர்தலும் மாநிலப் பதிவாளரிடம். இரண்டு எசமானர் இருந்ததால் தவறுகளுக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லாமல் போனது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் தேர்தலே இன்றித் தனி அலுவலர்களே வங்கிகளை நடத்தினார்கள். உறுப்பினரின் உரிமையுணர்வு மங்கியதற்கு அதுவும் காரணம்.

1993க்குப் பின் உரிமங்கள் தாராளமாயின. 2001இல் பங்குச் சந்தைத் தரகருக்கு வரம்பு மீறிக் கடன் தந்த குஜராத்தின் மாதவ்புரா வங்கி சரிந்தது. 2004இல் நாடெங்கும் 1,926 ஆக இருந்த நகர வங்கிகள் பிறகு 1,500க்கும் கீழே குறைந்தன. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டது. கடன்களில் பெரும்பகுதி ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது; பொய்க் கணக்குகள் அதை மறைத்திருந்தன. ஆயுள் சேமிப்பை வைத்திருந்தவர்கள் முதலில் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய் மட்டுமே.

அந்த அடிக்குப் பிறகே 2020இல் வைப்புக் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது. அதே ஆண்டுச் சட்டத்திருத்தம் நிர்வாகத்திலும் ரிசர்வ் வங்கியின் கையை வலுப்படுத்தியது. தொழில்நுட்பத்தைத் தனியே வாங்க வசதியில்லாத சிறு வங்கிகளுக்கென ஒரு தேசியக் குடை நிறுவனம் 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டது.