நிரம்பும் கோடு

2020இல் பாடசாலைகள் மூடிக் கிடந்த நேரம். எருக்கலம்பிட்டிப் பிள்ளை ஒருத்தி, சிக்னலுக்காகப் படலையடியில் நின்று உம்மாவின் போனில் வீட்டுவேலையை அனுப்பினாள். நான் செய்து கொடுத்த இணையப்பக்கம்தான். கோடு முழுதும் பச்சையானதும் போனை மூடிவிட்டாள். எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. "ஒப்படைக்கவில்லை" என்று குறித்தும் விட்டேன்.

பிறகு பார்த்தால் பிழை என்னுடையது. அந்தக் கோடு ஐந்து விநாடியில் தானாக நிரம்பும்படி அழகுக்காக எழுதியிருந்தேன். கோப்பு எவ்வளவு போனது என்பதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவன் நான். வெட்கமாகப் போனது. அதற்குப் பிறகுதான் இந்தக் கோட்டின் கதையைத் தேடி வாசித்தேன்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் படித்த பிராட் மையர்ஸ் 1985இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 48 மாணவர்களைக் கணினியில் தேடல் செய்யச் சொல்லி, கோட்டோடும் கோடில்லாமலும் சோதித்தார். 86 சதவீதமானோருக்குக் கோடு பிடித்திருந்தது. வேலை வேகமாக முடிந்ததால் அல்ல. இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்ததால்.

அந்த நம்பிக்கையோடு விளையாடவும் முடியும். 2010இல் கிறிஸ் ஹாரிசன் குழுவினர், கோட்டுக்குள் வரிகளைப் பின்பக்கமாக ஓடவிட்டால் காத்திருப்பு 11 சதவீதம் குறைந்ததுபோலத் தோன்றும் என்று காட்டினார்கள். நேரம் குறையவில்லை, நமக்குத்தான் அப்படி!

முன்பெல்லாம் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியை வைத்து, உள்ளே இருப்பதன் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். 2014 ஒக்டோபரில் எச்டிஎம்எல் 5 தரமாக அறிவிக்கப்பட்டபோது, இதற்கென்றே 'புரோகிரஸ்' என்ற குறிச்சொல் அதில் இருந்தது. தோற்றத்தை முழுதாக மாற்றப் போனால்தான் தலைவலி. முதலில் உலாவியின் சொந்தத் தோற்றத்தை நீக்க வேண்டும். அதன்பின் 'புரோகிரஸ்-பார்' என்று எழுதினால் குரோமுக்கு அது வெளிப்பெட்டி, பயர்பொக்ஸுக்கு நிரம்பும் பகுதி. ஒரே பெயர், இரண்டு பொருள். என் மாணவர்கள் எல்லாரும் விழுந்தெழும்பும் இடம் இது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தக் குறிச்சொல்லில் 'வேல்யூ'வை எழுதாமல் விட்டால், எவ்வளவு முடிந்தது என்று தெரியாது என்பதை உலாவியே காட்டும். அப்போது கோடு நிரம்பாது, அங்குமிங்கும் அசைந்துகொண்டிருக்கும்.

பக்கத்தைத் திருத்தினேன். இப்போது உண்மையில் போன அளவுக்குத்தான் கோடு நகரும். கோப்பு வந்து சேர்ந்தது என்று சேவையகம் பதில் சொன்ன பிறகுதான் "கிடைத்தது" என்று வரும். அவளுடைய புள்ளியையும் திருத்திவிட்டேன். நிறம் மட்டும் பழைய பச்சைதான். மாற்றப் பார்த்தேன், "அது இருக்கட்டும் சேர்" என்றாள்.