நீலகிரியில் சோலை, மந்து, தரிசு: சொற்களும் வனக்காப்பும்

நீலகிரி மேட்டுநிலத்தின் இயற்கையமைப்பைப் பற்றி எழுதுவோர் தவறாது கையாளும் சொல் 'ஷோலா'. தமிழ்ச் 'சோலை'யே ஆங்கில வனவியல் நூல்களுள் புகுந்து இவ்வடிவம் பெற்றது. தமிழில் மரமடர்ந்த நிழலிடம் எதுவும் சோலைதான். வனவியலிலோ அச்சொல் சுருங்கி, உயர்மலைப் பள்ளங்களில் ஓடைகளை ஒட்டி வளரும் குட்டையான பசுமைமாறாக் காட்டை மட்டும் குறிக்கலாயிற்று. கலைச்சொற்கள் இவ்வாறே பிறக்கின்றன. அதில் குறை காண்பதற்கில்லை. எனினும் அக்காட்டைச் சூழ்ந்து, அதனினும் மிகுந்த பரப்பில் விரிந்திருந்த புல்வெளிக்கு இவ்வாறு தனிச்சொல் எதுவும் ஆங்கிலத்தில் ஏறவில்லை. ஆட்சியாளர் பார்வையில் அது 'வேஸ்ட்'. வருவாய்த்துறைத் தமிழில் தரிசு. பின்னாளில் அப்புல்வெளிக்கு நேர்ந்தவற்றுள் பெரும்பகுதிக்கு இப்பெயரீடு வழிவகுத்தது எனலாம்.

அந்நிலம் வெற்றிடமாக இருந்ததில்லை. 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த போசளர் கல்வெட்டு ஒன்று, விட்டுணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன் தொதவரை அச்சுறுத்தியதையும் நீலமலையைக் கைக்கொண்டதையும் கூறுகிறது. 1603-இல் மலபாரிலிருந்து மலையேறிய ஏசுசபைப் பாதிரியார் பெனிசியோ, எருமை மேய்க்கும் அம்மக்களைப் பற்றிக் குறிப்பு எழுதினார். தொதவரின் நெய்யும் கோத்தரின் மட்கலமும் இரும்புக் கருவியும் படகரின் தானியமும் குறும்பரின் காடுபடு பொருளும் இம்மலையில் நெடுங்காலம் கைமாறி வந்தன. 1819-இல் மலைக்கு வந்த கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன், தொதவருக்கு நிலத்தில் உடைமையுரிமை உண்டென வாதிட்டார். மேய்ச்சலுரிமை மட்டுமே உண்டு என்பது எதிர்த்தரப்பின் வாதம். உழுது பயிரிடாத மக்களின் நிலவுரிமையை எச்சொல்லால் குறிப்பது என்னும் சிக்கல் இவ்வழக்காடலின் அடியில் கிடக்கிறது.

இதனை விளக்க 'மந்து' என்னும் சொல்லே போதுமானது. தொதவர் குடியிருப்பைப் பதிவேடுகள் மந்து என்றன. தொதவர் தம் மொழியில் வழங்கும் சொல் 'மோத்' என்பதற்கு நெருங்கிய ஒலியுடையது. அதன் இறுதி மெய்யைத் தமிழ் எழுத்தால் முற்றிலும் காட்டவியலாது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, தமிழ் 'மன்று' என்பதன் இனச்சொல்லாக இதனைத் தருகிறது. அங்கே காணும் பொருள்விரிவு கருதத்தக்கது: பால்மனையுடன் கூடிய ஊர், ஊரின்றித் தனித்து நிற்கும் பால்மனை, ஈமச்சடங்கு நிகழுமிடம் ஆகிய யாவும் அச்சொல்லுள் அடங்கும். குடிசைகள் நிற்குமிடம் அதன் ஒரு கூறு மட்டுமே. எருமைகளை ஓட்டிக்கொண்டு பருவந்தோறும் இடம் பெயர்ந்த மக்களுக்கு, ஆண்டில் சில திங்கள் மட்டும் தங்கும் மந்தும் மந்துதான். 'ஊர்' என மொழிபெயர்த்த கணக்கர், குடிசைகளைச் சுற்றி எல்லைக்கோடு வரைந்தார். கோட்டுக்கு வெளியே நின்றது தரிசாயிற்று.

தரிசெனப்பட்ட நிலத்தைப் பயன்படுத்தியாக வேண்டும் என்பது அடுத்த படி. உதகமண்டலம் வளரவே விறகுத் தேவை பெருகிச் சோலைகள் வெட்டுண்டன. அக்குறையை ஈடுசெய்யத் தைலமரமும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. அவை 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தோட்ட மரங்களாக வந்து, பிற்பாதியில் தோப்புகளாக விரிந்தன. விடுதலைக்குப் பின் ஆலைகளுக்கான மூலப்பொருள் என்ற பெயரில் நடவு மேலும் பெருகியது. பைக்காரா, குந்தா நீர்மின் திட்டங்களின் நீர்த்தேக்கங்களில் சில புல்வெளிகள் மூழ்கின. மரம் நடுவதே வனவளர்ச்சி என்ற கருத்து நிலவிய காலத்தில், புல்லை அழித்து மரம் வைத்தது அழிவாகத் தோன்றாமற் போனதில் வியப்பில்லை.

இப்புல்வெளி, காட்டை எரித்து மனிதர் உண்டாக்கியதா, இயற்கையானதா என்பது வனவியலாரிடையே நெடுநாள் விவாதம். நீலகிரிச் சதுப்புகளின் மட்கிய கரியை ஆராய்ந்து 1993-இல் சுகுமாரும் உடனாய்வாளரும் வெளியிட்ட கட்டுரை, பல்லாயிரம் ஆண்டுகளாகவே தட்பவெப்பத்திற்கேற்ப இங்குப் புல்லும் மரமும் மாறிமாறி மேலோங்கி வந்ததைக் காட்டியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இப்புல்வெளிச் சரிவுகளில் வளர்வது. வரையாடு மேய்வதும் இங்கேதான்.

1986-இல் நீலகிரி, நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. முக்குறுத்தி, வரையாட்டின் பொருட்டுக் காக்கப்படும் பகுதியாயிற்று. எனினும் சொல்லின் சிக்கல் முடிந்துவிடவில்லை. கூடலூர்க் காடுகள் தொடர்பாகக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ளவேண்டும் என்று 1996 டிசம்பர் 12-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பதிவேட்டில் இடம்பெறாத காடுகளையும் காப்பதே அதன் நோக்கம். பல காடுகள் அதனால் பிழைத்தன. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வரையறையைக் குறுக்கியபோது, அகராதிப் பொருளையே பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆயினும் அகராதியில் காடு என்றால் மரம். முல்லையின் காட்டையும் குறிஞ்சியின் மலையையும் வெவ்வேறாகப் பகுத்த தொல்காப்பிய மரபை அறிந்தவர்க்கு, மலைப்புல்லைக் காடென்னும் ஒரே சொல்லின் கீழ்க் காக்க முனைவதன் இடர்ப்பாடு எளிதில் விளங்கும்.

எமனோ 1971-இல் வெளியிட்ட தொதவர் பாடல் தொகுதியில் இடப்பெயர்கள் மிகுதி. பால்மனைகளும் எருமைகளும் மேய்ச்சலிடங்களும் இணையிணையான தொடர்களில் பெயர் சுட்டிப் பாடப்படுகின்றன. வருவாய் வரைபடம் தரிசெனக் காட்டும் சரிவுகள் இப்பாடல்களில் பெயரோடு நிற்கின்றன. மேய்ச்சல் உரிமையையும் பருவந்தோறும் பயன்படுத்தும் உரிமையையும் 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் ஏற்றுள்ளதால், இப்பெயர்களுக்கு இன்று ஆவண மதிப்பும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் இவற்றை ஓசைநிரப்பிகள் எனக் கருதி விடுவது பெரும் பிழையாகும்.

அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்டது. சீகையை வெட்டியபின் அவ்விடத்தில் எதனை வளர்ப்பது என்பதே இப்பணியின் கடினமான பகுதி. மண்ணில் உறங்கும் சீகை விதைகள் மீண்டும் முளைக்கும். புல்லைக் கையால் நட வேண்டியிருக்கிறது. தொதவர் தம் கோயில்களுக்குக் கூரை வேயும் புல், சதுப்பில் மட்டுமே வளர்வது. எரியோகிரைசிஸ் ரங்காச்சாரியி என்பது அதன் தாவரவியற் பெயர். சதுப்புகள் குறைந்துவிட்டதால், கூரை மாற்றும் காலங்களில் அதனைத் தேடிச் செல்லும் தொலைவு கூடியிருக்கிறது.