நிர்வாகியின் தேடற்பாதை: எழுதும் உரிமையே அளவுகோல்

யுனிக்ஸ் முறைமையில் ரூட் கணக்கிலிருந்து கட்டளையொன்றின் பெயரை மட்டும் தட்டினால், ஷெல் பாத் மாறியிலுள்ள அடைவுகளை வரிசையாகத் தேடி, முதலில் அகப்படும் நிரலை ரூட்டின் முழு அதிகாரத்தோடு இயக்கும். நடப்பு அடைவைக் குறிக்கும் புள்ளியை அந்த வரிசையிலிருந்து நீக்குக என்பது கையேடுகளின் வழக்கமான விதி. அவ்விதி சரியானது, ஆயினும் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1975இன் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் ஷெல் நடப்பு அடைவு, ‘பின்’ அடைவு, ‘யுஎஸ்ஆர் பின்’ அடைவு என்ற மாறா வரிசையில் தேடியது. 1979இன் ஏழாம் பதிப்பில் போர்ன் ஷெல்லோடு பாத் மாறி வந்தபோதும் நடப்பு அடைவே முதலில் நின்றது. 1984இல் பெல் ஆய்வுகூடத்தின் கிராம்ப்பும் மோரிஸும் யுனிக்ஸ் பாதுகாப்பைப் பற்றி எழுதியபோது இதன் ஆபத்தை எடுத்துரைத்தனர்.

ஹட்டனில் ஒரு பாடசாலைக் கணினிக்கூடத்தை எண்ணிக்கொள்வோம். ஆசிரியரே நிர்வாகி, ஒரே லினக்ஸ் கணினியில் பல மாணவர்க்குக் கணக்கு உண்டு. மாணவர் ஒருவர் தம் அடைவில், கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையான எல்எஸ் என்ற பெயரில் நிரலொன்றை வைத்துவிட்டு, “சேர், கோப்பு திறக்குதில்லை” என்று அழைக்கிறார். ஆசிரியர் ரூட்டாக அங்கே போய் எல்எஸ் என்று தட்டுகிறார். புள்ளி முதலில் இருந்தால் ஓடுவது மாணவரின் நிரல். கடைசியில் இருந்தாலோ, எஸ்எல் என்ற பெயரில் நிரலை வைத்துவிட்டு, ஆசிரியர் கைதவறி அப்படித் தட்டும்வரை மாணவர் காத்திருந்தால் போதும். பட்டியலின் தொடக்கத்திலோ முடிவிலோ தனித்து நிற்கும் முக்காற்புள்ளியும் நடப்பு அடைவையே குறிக்கும்.

புள்ளி ஆபத்தாவது, அந்த அடைவில் வேறொருவர் எழுதலாம் என்பதால். அக்காரணம் நிலையான அடைவுகளுக்கும் பொருந்தும். டெபியன் லினக்ஸில் யுஎஸ்ஆர் லோக்கல் அடைவுகளில் ஸ்டாஃப் குழுவினர் நெடுங்காலம் எழுத முடிந்தது. ரூட்டின் பாதை அவற்றைத்தான் முதலில் தேடும். உதவியாளர் ஒருவரை அக்குழுவில் சேர்த்தால், ரூட் அடுத்து இயக்கும் கட்டளை அவருடையதாகலாம். தொழிலாளர் வருகைப் பதிவேடான செக்ரோல் எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதா, அதில் பெயர் பதியும் பேனா யார் கையில் என்பதா தேயிலைத் தோட்டத்தில் சம்பளத்தைத் தீர்மானிப்பது? மேலடைவுகளையும் சோதிக்க வேண்டும்: அங்கே எழுத முடிந்தவர் கீழடைவின் பெயரை மாற்றி, அவ்விடத்தில் வேறொன்றை வைக்கலாம்.

பாதை எவரிடமிருந்து வருகிறது என்பதும் இதில் அடங்கும். 2019இல் வெளிவந்த டெபியன் 10இல், வேறொரு பயனராக மாற உதவும் எஸ்யூ கட்டளை யூட்டில்-லினக்ஸ் தொகுப்புக்கு மாறியது. அதன்பின் வெறும் எஸ்யூ, பயனரின் பாதையையே ரூட்டுக்கும் விட்டுவைத்தது. எஸ்பின் அடைவுகளிலுள்ள நிர்வாகக் கட்டளைகள் அகப்படாதது உடனே தெரிந்த தொல்லை. பயனரின் வீட்டடைவு பாதையில் முதலில் இருந்தால் அது ரூட்டுக்கும் முதலாவதாகும் என்பது அதைவிடப் பெரியது. எஸ்யூவைச் சிறுகோட்டுடன் முழுப் புகுபதிகையாக அழைப்பதும், சூடோவின் செக்யூர் பாத் அமைப்பும் இதற்குப் பரிகாரம்.

எல்லாக் கட்டளைகளையும் முழுமுகவரியோடு எழுதினால் பாதையைப் பற்றிக் கவலை ஏன் என்று கேட்கலாம். அப்படி அழைத்த நிரலே தன் துணைநிரல்களைப் பெயரால் தேடும்போது அதே பாத் மாறியை நாடக்கூடும். முழுமுகவரி முதல் அழைப்பை மட்டுமே காக்கும்.

ஆகவே பட்டியலிலுள்ள ஒவ்வோர் அடைவிலும் ரூட் தவிர எவர் எழுதலாம் என்று நிர்வாகி கேட்க வேண்டும். எவரேனும் இருந்தால் அவரையும் ரூட்டாகவே கணக்கிட வேண்டும். அதற்கு மனமில்லையேல் அவ்வடைவை நீக்க வேண்டும்.