உயரத்தைக் கணக்கில் கொள்ளாத அளவுகோல்

கொழும்பிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையைத் தொட மேலும் 30 ஆண்டுகள் சென்றன. 1924இல்தான் அது கைகூடியது. அப்பாதையால் ஊவாவின் தேயிலை கீழே இறங்கியது. இயந்திரங்கள் மேலே ஏறின. ஏறிவந்த இயந்திரங்களை மெல்லிய மலைக்காற்று எதிர்கொண்டது.

பதுளை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 அடி உயரம். அங்கே காற்றமுக்கம் ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. சுமார் 4,700 அடி உயரத்து அப்புத்தளையில் 16 சதவீதம் குறைவு. பெற்றோல் இயந்திரமோ டீசல் இயந்திரமோ, காற்றை உறிஞ்சி இறுக்கியே ஆற்றல் பெறுகிறது. உறிஞ்சும் காற்று மெலிந்தால் இறுக்கமும் தாழும். அக்காலச் சாரதி கைப்பிடியைச் சுழற்றும்போது, எதிர்த்து நிற்கும் விசையைக் கொண்டே இயந்திரத்தின் நலம் அறிந்தார். இன்று அதனை மானி கொண்டு அளக்கிறோம். 'கம்பிரஷன்' பார்ப்பது என்பது இதுவே.

இச்சோதனை மிக நுட்பமாவது சுழல் இயந்திரத்தில். ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல் கருதிய இவ்வியந்திரம் 1957இல் என்.எஸ்.யு. நிறுவனத்தில் முதன்முதல் இயங்கியது. 1967இல் அந்நிறுவனம் ஆர்.ஓ. 80 காரையும், ஜப்பானின் மஸ்டா கொஸ்மோ ஸ்போர்ட் காரையும் விற்பனைக்கு விட்டன. முன்னதன் முனை அடைப்புகள் விரைவில் தேய்ந்து, நிறுவனத்தின் பெயரையே கெடுத்தன. மஸ்டா விடாது முயன்று, 1991இல் லெமான் பந்தயத்தையும் இவ்வியந்திரத்தால் வென்றது.

இதில் பிஸ்டன் இல்லை. முக்கோண வடிவச் சுழலி ஒன்று சுற்றுகிறது. அதன் மூன்று பக்கங்களும் மூன்று அறைகள். எனவே ஒரு சுழலிக்கு மூன்று அளவுகள் எடுக்கவேண்டும். சாதாரண மானி மூன்றில் உயர்ந்ததை மட்டுமே காட்டி ஏமாற்றிவிடும். அடுத்தடுத்த இரு அறைகள் தாழ்ந்திருந்தால், அவற்றிடையே உள்ள முனை அடைப்பு பழுதென்று ஐயுறலாம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் பக்க அடைப்பைப் பார்க்கவேண்டும்.

2003இல் வெளிவந்த மஸ்டா ஆர்.எக்ஸ். 8 காருக்கு, நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் 680 கிலோபாஸ்கல் என்பது குறைந்தபட்ச எல்லை. கொழும்பில் 740 காட்டும் இயந்திரம் அப்புத்தளையில் 620 அளவே காட்டும். இயந்திரம் மாறவில்லை, இடமே மாறியது. உயரத்துக்கான திருத்தம் செய்யாதவர் நல்ல இயந்திரத்தைக் கழித்துவிடுவார். மூன்று அறைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுபவர் உண்மையை நெருங்குவார்.

இதை எழுதும்போது வேறோர் அளவுகோல் நினைவில் எழுகிறது. அப்பாதையை அமைப்பதிலும் அத்தோட்டங்களை வளர்ப்பதிலும் வியர்வை சிந்திய தமிழரின் சந்ததியை, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பத்திரங்களால் அளந்தது. தந்தை இங்கே பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ நிறுவுக என்றது. லயத்து அறையில் பிறந்தவருள் எத்தனை பேரிடம் அப்பத்திரம் இருந்தது? 1964 ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாக்கி இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கான சட்டம் வந்தது 2003இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.

இயந்திரத்துக்குக் கூட உயரம் பார்த்துத் திருத்தம் செய்கிறோம். மனிதரை அளந்தவர்கள் அதைச் செய்யவில்லை.