வாகன மிதிவண்டித் தாங்கி: திருட்டும் தடுப்பும்

வாகன மிதிவண்டித் தாங்கி என்பது கார், வேன், ஜீப் போன்றவற்றின் கூரையிலோ பின்கதவிலோ இழுவைக் கொக்கியிலோ பொருத்தி, சைக்கிளை ஏற்றிச் செல்ல உதவும் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம். பேச்சில் இதற்கு சைக்கிள் கேரியர் என்று பெயர். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சட்டமும் கேரியர்தான், காரின் கூரையில் மூட்டை கட்டும் சட்டமும் கேரியர்தான். மூன்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. வண்டியின் உடலோடு பிறக்காமல், பிறகு நட்டாலும் போல்ட்டாலும் பட்டையாலும் சேர்க்கப்பட்டவை இவை. சேர்த்த வழியிலேயே கழற்றவும் முடியும் என்பதால் திருடனுக்கு இரண்டு வாய்ப்புகள் கிடைக்கின்றன. தாங்கியில் நிற்கும் சைக்கிளை எடுக்கலாம், தாங்கியையே சைக்கிளோடு சேர்த்து எடுக்கலாம். முதலாவதை எண்ணிப் பூட்டு வாங்குகிறவர்கள் இரண்டாவதை எண்ணுவதில்லை. வண்டிக்கு வெளியே பொருத்திய எந்தப் பொருளுக்கும் காவல் பூட்டின் தரத்தில் இல்லை, அது வண்டியோடு சேரும் இணைப்பில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மணலூர்பேட்டை வட்டாரத்தில்

இந்த வாதத்தை ஓர் ஊரில் வைத்துப் பார்க்கலாம். மணலூர்பேட்டை தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள பேரூராட்சி. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்பாட்டுக்கு வந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சி செல்லும் சாலை இவ்வூரைக் கடக்கிறது. தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அண்ணாமலையார் இங்கே எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பதால், ஓராண்டில் இவ்வூர் காணும் பெருங்கூட்டங்களில் ஒன்று அன்றுதான் கூடும். அப்போது வண்டிகளை விட்டுவிட்டுத்தான் ஆற்றுக்கு இறங்க வேண்டும். மேற்கே கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் ஏறும் வளைவுச் சாலைகள் சைக்கிள் ஓட்டிகளுக்கு ஏற்றவை. காரில் சைக்கிளை ஏற்றி வந்து அடிவாரத்தில் இறக்கிக்கொள்வோருக்கு இந்தத் தாங்கி உதவும். ஆனால் ஊருக்குள் அதைத் தேடினால் எளிதில் கண்ணில் படாது. அதன் அண்ணன் தம்பிகளோ தெருவெங்கும் நிற்கின்றன. மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்கள், அவற்றின் பின்னால் கோக்கும் டிரெய்லர், ஒன்பது கொத்துக் கலப்பை, ரோட்டவேட்டர், லாரியின் அடியில் தொங்கும் ஸ்டெப்னி, சேசிஸ் ஓரத்துப் பேட்டரி ஆகியவையே அவை.

டிராக்டரின் பின்புறத்தை அருகில் போய்ப் பார்த்தால் மிதிவண்டித் தாங்கியின் சிக்கல் முழுதும் புரியும். கலப்பையைத் தாங்குவது மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கைகள், மேலே டாப் லிங்க் எனப்படும் திருகுக் கம்பி. ஒவ்வொரு முனையிலும் ஒரு பின் செருகி, அது நழுவாமலிருக்க வளையம் வைத்த லிஞ்ச் பின் மாட்டியிருப்பார்கள். இரண்டு விரலால் வளையத்தைத் தூக்கினால் போதும், ஸ்பேனர்கூட வேண்டாம். வயலில் ஐந்து நிமிடத்தில் கலப்பையைக் கழற்றி டிரெய்லரை மாட்ட வேண்டிய உழவனுக்காக வகுத்த ஏற்பாடு அது. வட அமெரிக்காவில் பரவலான இழுவைக் கொக்கித் தாங்கியின் அமைப்பும் இதுவேதான். காரின் அடியில் இரண்டு அங்குலச் சதுரக் குழாய் இருக்கும். தாங்கியின் தண்டு அதற்குள் நுழையும். குறுக்கே ஐந்தெட்டாம் பங்கு அங்குலம், ஏறத்தாழ 16 மி.மீ. தடிமனுள்ள ஒரு பின்னும் அதன் நுனியில் ஒரு கம்பிக் கிளிப்பும் போகும். தாங்கியில் எத்தனை சங்கிலி சுற்றியிருந்தாலும், அந்தக் கிளிப்பை இழுத்துப் பின்னை உருவினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். உரியவனுக்கு எளிதான கழற்றல் திருடனுக்கும் எளிதுதான். பொறியாளர் செய்த வசதி ஆள் பார்த்து வேலை செய்வதில்லை.

நாதாங்கி சொல்லும் பாடம்

இந்த உண்மை நம் வீட்டுக் கதவுகளில் வெகுகாலமாகத் தெரிந்ததுதான். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. நெம்புத் தகடுகளைக் கையால் அராவிச் சேர்க்கும் அந்தப் பூட்டைத் திறக்கத் திருடன் மெனக்கெடுவதில்லை. பூட்டைத் தாங்கும் நாதாங்கியை நெம்புகிறான். அதனால்தான் பழைய தச்சர்கள் நாதாங்கியின் ஆணியைக் கதவின் மறுபுறம் வரை இறக்கி, நுனியை மடக்கி அடித்தார்கள். வெளியே நிற்பவன் ஆணியை இழுத்தாலும் மடக்கிய நுனி விடாது. பூட்டின் விலைக்கும் காவலின் வலிமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை இந்த மடக்கிய ஆணி காட்டுகிறது. பூட்டு, நாதாங்கி, ஆணி, மரம் ஆகிய நான்கில் எது இளைத்ததோ அதுவே கதவின் பலம்.

தாங்கியிலும் இதே கணக்கைப் போட வேண்டும். அங்கே மூன்று பிணைப்புகள் உள்ளன. வண்டிக்கும் தாங்கிக்கும் இடையே ஒன்று, தாங்கிக்கும் சைக்கிளுக்கும் இடையே ஒன்று, சைக்கிளுக்கும் அதன் சக்கரம், சீட்டு போன்ற உறுப்புகளுக்கும் இடையே ஒன்று. மூன்றாவதைப் பலர் பிணைப்பாகவே எண்ணுவதில்லை. பந்தயத்தில் சக்கரத்தை நொடியில் மாற்ற உதவும் நெம்புகோல் அச்சை இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ காம்பஞோலோ 1930இல் உருவாக்கினார் என்பர். அந்த அச்சுள்ள சைக்கிளின் சட்டத்தை மட்டும் பூட்டினால் சட்டம் மிஞ்சும், சக்கரம் மிஞ்சாது. பின்கதவில் பட்டைகளால் கட்டும் மலிவான தாங்கியில் முதல் பிணைப்பே நைலான் நாடாதான். அதை அறுக்கக் காய்கறிக் கத்தி போதும். அந்தத் தாங்கியில் எத்தனை உயர்ந்த பூட்டைத் தொங்கவிட்டாலும் அது நாதாங்கி இல்லாத கதவின் பூட்டே.

இணைப்பை இறுக்கும் வழிகள்

முதல் பிணைப்புக்கு மாற்று எளிது. கொக்கித் தாங்கியில் சாதாரணப் பின்னுக்குப் பதிலாகச் சாவியிட்டுப் பூட்டும் பின்னைச் செருகலாம். கூரைத் தாங்கியின் கால்களில் பூட்டு மூடியுள்ளதைத் தேர்ந்துகொள்ளலாம். பட்டைத் தாங்கியை வண்டியோடு பிணைக்க, கெட்டிச் சங்கிலியைத் தாங்கியின் சட்டத்தில் கோத்து, வண்டியின் இழுவை வளையத்தில் பூட்டுவது ஓரளவு உதவும். சங்கிலியைத் தரையில் படும்படி தொங்கவிடக் கூடாது. வெட்டுக் குறட்டின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறுபிடியில் உடல் எடையைக் கொடுத்து எளிதாக வெட்ட அது வசதி செய்துவிடும். கம்பிவடப் பூட்டு பார்வைக்குத் தடிமனாக இருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் முறுக்கிய மெல்லிய கம்பிகளே இருப்பதால் குறட்டுக்கு அது இழையிழையாக விட்டுக்கொடுக்கும்.

நட்டும் போல்ட்டும் கொண்ட இணைப்புக்கு உள்ளூர்ப் பட்டறையே மருந்து தரும். எட்டு மி.மீ. போல்ட்டின் தலைக்கு 13 ஸ்பேனர் பொருந்தும். பன்னிரண்டு-பதின்மூன்று என்று பட்டறையில் கேட்டுவாங்கும் இரட்டைவாய் ஸ்பேனர் இல்லாத டிராக்டர் பெட்டி அரிது. அறுகோணத் தலைக்குப் பதிலாக, தலை வழவழவென்று உருண்டிருக்கும் கேரியேஜ் போல்ட்டை வெளிப்பக்கமாகப் போட்டு, நட்டை எளிதில் எட்டாத உட்பக்கம் வைக்கலாம். இறுக்கும்போது தலை தானே முறிந்து விழும் போல்ட்டும் உண்டு. ஆலன் சாவிக் குழி உள்ள போல்ட்டாக இருந்தால், சைக்கிள் கடையில் பால்ஸ் என்று கேட்டால் கிடைக்கும் எஃகுக் குண்டு ஒன்றைக் குழிக்குள் வைத்து மேலே மெழுகு ஊற்றலாம். சாவி உள்ளே போகாது. உரியவர் மெழுகைச் சுரண்டி, காந்தத்தால் குண்டை எடுத்துக்கொள்வார். நிரந்தரமாகவே இருக்க வேண்டிய இணைப்பென்றால் நட்டின் மேல் ஒரு பொட்டு வெல்டிங் போதும்.

இந்த வழியை அரசே வண்டிகளில் கையாண்டிருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்புப் பதிவெண் தகட்டுக்குத் தனிப் பூட்டோ சாவியோ கிடையாது. ஒருமுறை அழுத்திப் பொருத்தினால் உடைக்காமல் எடுக்க முடியாத ஸ்னாப் லாக் ஆணிதான் அதைப் பிடித்திருக்கிறது. உடைத்து எடுத்த தகட்டை வேறு வண்டியில் சீராகப் பொருத்த முடியாமல் போவதே அதன் காவல். எடுப்பதைத் தடுப்பதோடு, எடுத்ததைப் பயன்படாமல் ஆக்குவதும் தடுப்பில் ஒரு வகை. தாங்கியின் சட்டத்தில் வண்டி எண்ணைத் தட்டிப் பொறித்துவிட்டால், பழைய இரும்புக் கடையில் விற்பவன் அதை அராவ வேண்டிவரும். அராவிய தழும்பே கேள்வியை எழுப்பும். திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம்.

சட்டமும் காப்பீடும்

போனால் போகட்டும், போலீஸும் காப்பீடும் இருக்கின்றன என்ற எண்ணம் இந்த அளவுப் பொருளுக்குச் சரிப்படாது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை சொல்கிறது. ஆனால் 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடித் தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை. அந்த அளவுத் திருட்டில் நீதிபதியின் அனுமதி இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை தொடங்கவும் முடியாது. சரக்கோ பயணிகளோ ஏற்றும் வாகனத்திலிருந்து பொருள் திருடினால் 305ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை தண்டனை உண்டு என்பது கனமான விதிதான். தண்டனை கனத்தாலும் கழன்றுபோன தாங்கி அதனால் திரும்பி வந்துவிடாது. காப்பீட்டிலோ, இருசக்கர வாகனப் பாலிசியின் வழக்கமான வாசகப்படி, வண்டியும் சேர்ந்து போனாலொழிய துணைக்கருவி மட்டும் திருடுபோனதற்கு இழப்பீடு இல்லை. காரில் ஒவ்வொரு கோரிக்கையிலும் கட்டாயக் கழிவாக 1,000 அல்லது 2,000 ரூபாய் போகும். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்திருந்த, 20 முதல் 50 விழுக்காடு வரையான தள்ளுபடியும் கையை விட்டுப் போகும். சில ஆயிரம் ரூபாய்த் தாங்கிக்காக இதைக் கேட்பது பெரும்பாலும் நட்டமே.

மறுப்புகள்

பட்டறையில் பேட்டரியால் ஓடும் கிரைண்டர் வந்த பிறகு எந்தப் பூட்டும் எந்த நட்டும் நிற்காது, பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். கிரைண்டர் எதையும் அறுக்கும் என்பது உண்மை. ஆனால் அது சத்தமிடும், பொறி பறக்கவிடும், நேரம் எடுக்கும். லிஞ்ச் பின்னை உருவுவதில் இம்மூன்றும் இல்லை. எவராலும் எடுக்க முடியாதபடி செய்வது தடுப்பின் நோக்கமல்ல. ஓசையில்லாமல் எடுக்க முடியாதபடி செய்தால் போதும். ஆற்றுத் திருவிழாக் கூட்டத்தில் ஸ்பேனரோடு குனிந்து நிற்பவரை வண்டிக்காரரென்றே எண்ணுவார்கள். கிரைண்டரோடு நிற்பவரைத் திரும்பிப் பார்க்காமல் போக மாட்டார்கள்.

எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரில் இவ்வளவு காவல் வேண்டுமா என்பது அடுத்த மறுப்பு. தெருவில் நிற்கும்வரை அந்த அறிமுகம் பெரிய காவல்தான். ஆனால் தாங்கி ஏற்றிய வண்டி ஊரில் நிற்பதற்காக ஆனதல்ல. திருவண்ணாமலைக் கிரிவலச் சாலையிலும் கல்வராயன் அடிவாரத்திலும் அது யாருக்கும் தெரியாத வண்டி.

இறுகக் கட்டினால் வழியில் பஞ்சரானபோது கழற்ற முடியாமல் தவிப்போமே என்பது இருப்பதிலேயே நியாயமான கேள்வி. லாரியில் ஸ்டெப்னியை வெல்டிங் செய்தால் அது ஸ்டெப்னியே அல்ல. அவசரத்தில் கழற்ற வேண்டியதற்குச் சாவியுள்ள பின்னும், எப்போதும் இருக்க வேண்டியதற்குப் பற்றவைப்பும் என்று பிரித்துக்கொள்வதே வழி. சாவித் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். ஆற்றுமணலும் மழையும் சேர்ந்து பூட்டைப் பிடித்துவிடாமல், எண்ணெய்க்குப் பதிலாகக் கிராஃபைட் பொடி தூவலாம். எண்ணெய் தூசியை ஈர்த்துச் சேறாக்கும்.

வண்டியில் எதையாவது நிரந்தரமாகச் சேர்த்தால் சட்டம் விடுமா என்பதும் எழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பின்தாங்கி பதிவெண்ணையும் பின்விளக்கையும் மறைத்தால் அது தனிக் குற்றம். இந்தக் கேள்வி நம் வாதத்தைத் தளர்த்துவதைவிட வலுப்படுத்தவே செய்கிறது. பயணம் முடிந்ததும் தாங்கியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பவருக்குச் சட்டச் சிக்கலும் குறைவு, திருட்டு அச்சமும் குறைவு. வண்டியில் இல்லாத பொருளைக் கழற்ற எந்த ஸ்பேனராலும் ஆகாது.

சோதிக்கும் முறை

ஆகவே தாங்கி வாங்குமுன் கேட்க வேண்டியது எந்தப் பூட்டு நல்லது என்பதல்ல, இது வண்டியோடு எங்கே சேர்கிறது என்பது. ஏற்கெனவே வாங்கியவர் வெறுங்கையோடு ஒருமுறையும், பன்னிரண்டு-பதின்மூன்று ஸ்பேனரோடு ஒருமுறையும் வண்டியைச் சுற்றி வரலாம். கையால் உருவ முடிந்தவற்றுக்குச் சாவிப் பின் வேண்டும், ஸ்பேனரால் கழன்றவற்றுக்கு நட்டை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் அசையாமல் நின்ற பிறகு பூட்டைப் பற்றி யோசிக்கலாம்.